மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற ஸ்டார்ம்: பிரேக் மிதித்தால் பெட்ரோல் முள் ஆடுகிறது

நவம்பர் 8, 2024. கேள்வி, கோத்தகிரியிலிருந்து

அண்ணா, என்னிடம் சான் ஸ்டார்ம் என்ற பழைய இரண்டு சீட் கார் ஒன்று இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் பேட்டரியை டிக்கிக்கு மாற்றி, முன்விளக்குக்குத் தனி ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போட்டு, அலாரம், ஆம்ப்ளிஃபயரோடு ஸ்டீரியோ எல்லாம் ஏற்றியிருந்தார். ஜூன் முதல் வண்டி ஷெட்டில்தான் நின்றது. இப்போது புது பேட்டரி போட்டும் செல்ஃப் ஒரு நேரம் எடுக்கிறது, ஒரு நேரம் டிக் டிக் என்கிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மின்னுகிறது. பிரேக் மிதித்தால் பெட்ரோல் முள் நகர்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, 'ஈசியூ போயிடுச்சு, ஒயரிங் முழுக்க மாத்தணும்' என்கிறார். கோவைக்கு ஏற்றி அனுப்பவா?

நவம்பர் 8, இரவு

அனுப்ப வேண்டாம். ஒயரிங் கிட்டையும் வெட்ட விடாதீர்கள். அந்த வண்டி உற்பத்தி நின்று வருஷக்கணக்காகிறது, புது கிட் எங்கே கிடைக்கும்?

இந்த வயசு வண்டியில் பெட்ரோல் முள்ளை ஆட்டுவிக்க ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், தேவையில்லை. டேங்கில் இருக்கும் மிதவையின் ரெசிஸ்டன்ஸ் வழியாக எர்த்துக்கு, அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழிக்கு, எவ்வளவு கரண்ட் போகிறதோ அதைத்தான் முள் காட்டுகிறது. பின்னால் பிரேக் விளக்கும் டேங்க் மிதவையும் ஒரே எர்த் ஒயரைப் பங்கு போட்டுக்கொண்டு, அந்த ஒயர் பாதி செத்திருந்தால், பிரேக் விளக்கின் கரண்ட் முள்ளையும் இழுக்கும். இண்டிகேட்டரோடு பார்க்கிங் மின்னுவதும் அதே கதை, முன்பக்கத்தில்.

ஸ்டார்ம் ஃபைபர் உடல். 1998-ல் வந்தபோது எல்லோரும் பார்த்தது இரண்டு சீட்டையும் திறந்த கூரையையும், அப்புறம் 1,149 சிசி ரெனோ இன்ஜினையும். எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டியது ஃபைபரை. மாருதியிலோ அம்பாசடரிலோ ஒரு ஸ்க்ரூவைத் தகரத்தில் முறுக்கினால் எர்த் கிடைத்துவிடும். இதில் உடம்பு முழுக்க மின்சாரம் ஓடாத பொருள். ஒவ்வொரு பல்புக்கும் போக ஒரு ஒயர், திரும்பி வர ஒரு ஒயர் வேண்டும், அந்தத் திரும்பும் ஒயர் அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில் போய்ச் சேர வேண்டும். என் வண்டியும் இதே ஜாதிதான், குன்னூரில் நிற்கிறது. அதில் வந்த கோளாறுகளில் பெரும்பாலானவை திரும்பும் வழியில்தான் இருந்தன.

நவம்பர் 9, காலை

இரவு அவசரத்தில் எழுதியதை விரிவாகச் சொல்கிறேன்.

'மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், எர்த் ஒயர் அறுபடவில்லை என்று பீப் அடிக்கிறது, நன்றாக இருக்கிறது' என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். பீப் சத்தத்தை நம்பவே கூடாது. பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரும் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட், அதற்கு ஒரு இழை தாராளம்.

கணக்கு இதுதான். எர்த் இணைப்பில் 0.02 ஓம் கூடுதலாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரின் முனை ஒயர்களே அதைவிட அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ளவை, அதனால் மீட்டரில் அது தெரியாது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு இழுப்பது 1.75 ஆம்பியர், அதில் இழப்பு 0.035 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. சின்ன பெட்ரோல் இன்ஜினின் செல்ஃப் 120 ஆம்பியர் இழுத்தால் அதே 0.02 ஓமில் 2.4 வோல்ட் காணாமல் போகும். ஹார்ன் அடிக்கும், விளக்கு எரியும், செல்ஃப் மட்டும் டிக் டிக். பேட்டரி மேல் பழி விழும், புது பேட்டரி வாங்குவோம்.

ஆகவே அளக்க வேண்டியது வோல்டேஜ் இழப்பை, அதுவும் கரண்ட் ஓடும்போது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துக்கொள்ளுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழில், அதாவது குமிழ் மேலேயே, அதைக் கவ்வும் கிளாம்பில் இல்லை. சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2, அதிகபட்சம் 0.3 வோல்ட் வந்தால் சரி. 0.5-ஐத் தாண்டினால் கோளாறு அந்த வழியில்தான். பிளஸ் பக்கம் இதே மாதிரி குமிழிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை, 0.5 வரை பொறுக்கலாம். சாவி திருப்பும்போது பேட்டரியிலேயே 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

உங்கள் பேட்டரி டிக்கியில் இருப்பதால் மீட்டர் ஒயர் எட்டாது. வீட்டில் கிடக்கும் எந்த மெல்லிய ஒயரையும் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள். வோல்ட் அளக்கும்போது மீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம், அதனால் மெல்லிய ஒயரால் தப்புக் கணக்கு வராது.

நவம்பர் 9, மதியம்

மீட்டரே இல்லையா? டாக்ஸி ஸ்டாண்டில் ஜம்பர் கேபிள் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து நீளமாக்கி, பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்புக்கு ஒரு பாலம் போடுங்கள். செல்ஃப் சட்டென்று எடுத்தால் விடை கிடைத்துவிட்டது.

நவம்பர் 10

சத்தத்தையும் கவனியுங்கள். வேகமாக டிக்டிக்டிக் என்றால் வோல்டேஜ் போதவில்லை: பேட்டரியோ கேபிளோ. ஒரே ஒரு 'டொக்' என்றால் சோலனாய்டு, அதாவது செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச், தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டாரின் உள்ளேயோ தடித்த கேபிளிலோ பாருங்கள். சத்தமே இல்லை என்றால் சாவி சுவிட்ச், ரிலே, அலாரக்காரர் நடுவில் வெட்டிச் சேர்த்த ஒயர், இந்த வரிசையில் பாருங்கள். உங்களுக்கு முதல் வகை.

என் வண்டியில் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு எர்த் கேபிள். மேலே பார்த்தால் அப்பழுக்கில்லை. கேபிள் முனையில் சிவப்பாகத் தாமிர லக் (போல்டில் மாட்டும் உலோக முனை), மேலே பளபளவென்று சுருக்கக் குழாய் (சூட்டில் சுருங்கி ஒட்டும் உறை), போல்ட் இறுக்கம். வோல்டேஜ் இழப்பு மட்டும் ஒரு வோல்டைத் தாண்டிக் காட்டியது. கழற்றிக் கையில் வைத்து வளைத்தேன். சுருக்கக் குழாய்க்குள் நறநறவென்று ஏதோ அரைபட்டது. பிளேடால் கீறித் திறந்தால் உள்ளே பச்சைத் தூள். இழைகள் சேமியா உடைவது மாதிரி விரலிலேயே உடைந்தன. லக்குக்குள் மழைநீர் போய், ஒயரின் உறைக்குள்ளேயே ஏறிக்கொண்டே போயிருக்கிறது. முனையை வெட்டிப் புது லக் போடலாம் என்று நறுக்கினேன், கறுப்பு. இன்னும் கொஞ்சம் நறுக்கினேன், அதுவும் கறுப்பு. தாமிரம் சிவப்பாகத் தெரியும் இடம் வரை போனால் கேபிள் நீளம் பத்தாது. முழுதாகப் புதுக் கேபிள் போட்டேன், 35 சதுர மில்லிமீட்டர்.

சட்டத்தில் முறுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு மின்ன வேண்டும். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்காதீர்கள்.

நவம்பர் 12

'மலைக்காரனுக்கு செல்ஃப் எதற்கு, இறக்கத்தில் விட்டு செகண்ட் கியர் போட்டால் போச்சு' என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். சிரித்தேன். பழைய ஜீப்புக்கு அது சரி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் ஈசியூவுக்கும் வோல்டேஜ் வேண்டும், சுத்தமாக இறங்கிய பேட்டரியோடு எத்தனை தூரம் உருட்டினாலும் எடுக்காது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டரின் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பர்லியார் பக்கம் கொண்டைஊசி வளைவில் அந்தச் சோதனை வேண்டாம்.

நவம்பர் 15

கோத்தகிரித் தம்பி எழுதியிருக்கிறார்: ஜம்பர் பாலம் போட்டதும் செல்ஃப் எடுத்துவிட்டதாம். இழப்பு 1.8 வோல்ட் வந்ததாம். டிக்கியில் பேட்டரி மைனஸை சட்டத்தில் முறுக்கிய இடத்தில் பெயின்டுக்கு மேலேயே போல்ட் உட்கார்ந்திருக்கிறது. நல்லது. பேட்டரியை இடம் மாற்றிய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த போல்ட்தான். இன்னொன்றும் பாருங்கள் தம்பி: பிளஸ் கேபிள் பேட்டரியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே ஒரு பெரிய ஃபியூஸ் இருக்கிறதா? வண்டி நீளத்துக்கு ஓடும் கேபிள் சட்டத்தில் உரசி உறை கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத வண்டி எரியும். ஃபைபர் வேறு, தீப்பிடித்தால் நிற்காது.

முன்பக்க விளக்குகளின் தகராறு இன்னும் தீரவில்லை என்கிறார். பம்பரைக் கழற்றி ரிலேயின் எர்த் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15, இரவு

படம் அனுப்பினார். ரிலே பொருத்தியவர் விளக்குகளின் எர்த்துக்கு அழகான வளைய லக் போட்டு, ஃபைபரில் ஸ்க்ரூ அடித்து முறுக்கியிருக்கிறார்!

பிறகு கரண்ட் எந்த வழியில்தான் போனது? இதில்தான் சுவாரசியம். முன்விளக்கு, பார்க்கிங், இண்டிகேட்டர் மூன்றின் எர்த்தும் ஒரே முடிச்சு. அந்த முடிச்சிலிருந்து வெளியே வழியில்லை. வலது முன்விளக்கில் போன கரண்ட் முடிச்சுக்கு வந்து, வலது பார்க்கிங் பல்பின் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, பார்க்கிங் சப்ளை ஒயரைப் பிடித்து இடது பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் போய், அங்கிருக்கும் பல்புகள் வழியாக எர்த்தைத் தேடிக்கொண்டது. சின்ன பார்க்கிங் பல்பு விடும் கரண்ட் முன்விளக்குக்குப் பத்தாது, முன்விளக்கு எரியாமல் கேட்காத பார்க்கிங் விளக்கு எரியும், இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து ஆடும். ஒயரிங் டயகிராமை உற்றுப் பார்த்தால் பேய் பிடித்ததாகத் தோன்றும். பல்பைக் கழற்றிப் பார்த்தால் சட்டென்று புரியும்: முன்விளக்கைப் போட்டதும் எரிந்த மற்ற பார்க்கிங் விளக்குகள், வலது பார்க்கிங் பல்பை எடுத்ததும் அணைந்தால், முன்விளக்கின் எர்த் அந்த பல்புதான்.

இரண்டு பக்க விளக்குகளின் எர்த்தையும் தனித்தனி ஒயராக சட்டத்துக்கே கொண்டுபோங்கள். 55 வாட் பல்பு ஒன்று 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டு சேர்ந்தால் ஒன்பதுக்கு மேல். மெல்லிய ஸ்பீக்கர் ஒயர் வேண்டாம்.

இந்தத் தவறு ஃபைபர் பழக்கம் இல்லாதவர்கள் செய்வது. கோவையில் கரிவரதன் 80-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரைக் கட்டிய காலத்திலிருந்து ரேஸ் கார் பக்கம் கை வைத்தவர்களிடம் கேட்டால், எர்த் எல்லாவற்றையும் ஒரே பித்தளைப் பட்டையில் சேர்த்து, அங்கிருந்து ஒரு தடித்த கேபிளை பேட்டரிக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். உங்கள் டேஷ்போர்டுக்கு அடியிலும் அப்படி ஒன்று போட்டால், பிற்காலத்தில் எதைப் பொருத்தினாலும் எர்த் தேட வேண்டியதில்லை.

நவம்பர் 16

நிறுத்திய வண்டிக்குள் புகும் எலிக்குப் பூனை வளர்க்கச் சொன்ன வாசகருக்கு: எங்கள் வீட்டு வரிசையில் சிறுத்தை வந்துபோகும். பூனை நிலைப்பதில்லை.

நவம்பர் 21

கோத்தகிரித் தம்பியிடமிருந்து புது விஷயம். சனிக்கிழமை முழுக்க சார்ஜ் ஏற்றி நிறுத்தினால் செவ்வாய்க்கிழமை செல்ஃப் எடுப்பதில்லையாம்.

கையிருப்பை வைத்தே குற்றவாளியின் அளவைச் சொல்லிவிடலாம். 45 ஆம்பியர்-அவர் பேட்டரி, பாதி இறங்கினாலே மலைக் குளிரில் செல்ஃப் தடுமாறும். 72 மணி நேரத்தில் 22 ஆம்பியர்-அவர் போயிருந்தால், ஏதோ ஒன்று சுமார் 0.3 ஆம்பியர் குடிக்கிறது. கடிகார நினைவுக்கு அத்தனை தேவையில்லை. டிக்கி பல்பு என்றால் இன்னும் கூட இருக்கும்.

'ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தெரிந்துவிடும்' என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். கம்பெனி ஒயரிங்குக்கு அது பொருந்தும். மாற்றி அமைத்த வண்டியில் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பும் ஒயர்கள் இருக்கும்: ஆம்ப்ளிஃபயர், அலாரம், யாரோ சொருகிய மொபைல் சார்ஜர் சாக்கெட். பெட்டியில் இருக்கும் எல்லா ஃபியூஸையும் பிடுங்கிவிட்டு மீட்டர் அசையவில்லை என்று உட்கார்ந்திருப்போம். பிளஸ் குமிழில் எத்தனை ஒயர் சொருகியிருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

அளக்கும் முன் ஒரு பழைய எலக்ட்ரீஷியன் தந்திரம். மைனஸ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவில் 21 வாட் பல்பு ஒன்றை வையுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ பெரிய ஷார்ட், மீட்டரைக் கொண்டுபோனால் அதன் உள் ஃபியூஸ் போகும். எரியவில்லை என்றால் பல்பை எடுத்துவிட்டு மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சொருகி அதே இடத்தில் வைக்கலாம். அப்படி வைத்திருக்கும்போது யாரையும் சாவி திருப்ப விடாதீர்கள்.

நவம்பர் 22

நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு, நிறுத்திய வண்டி எவ்வளவு கரண்ட் வரை குடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் 50 மில்லி ஆம்பியர் என்றுதான் சொல்வார்கள். அது கம்ப்யூட்டர்கள் நிறைந்த இன்றைய வண்டிக்கு. ஸ்டார்மில் ஈசியூ நினைவு, ரேடியோ நினைவு, அலாரம், அவ்வளவுதான். 20, 30-ஐத் தாண்டினால் நான் தேடுவேன். 50 என்றே வைத்தாலும் 45 ஆம்பியர்-அவர் 900 மணி நேரத்தில் காலி, அதாவது 37 நாள். ஒரு மழைக்காலம் தாங்காது.

மீட்டரை வைத்ததும் படித்துவிடாதீர்கள். அலாரம் தூங்கப்போக நேரம் எடுக்கும், பதினைந்து இருபது நிமிஷம் விடுங்கள். ஃபியூஸைப் பிடுங்காமல் பார்க்கவும் வழி உண்டு. பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். மீட்டரை மில்லிவோல்டில் வைத்து அவற்றைத் தொடுங்கள். பூஜ்யம் என்றால் அந்த வழியில் எதுவும் ஓடவில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.3 ஆம்பியர் ஓடினால் இரண்டு மில்லிவோல்ட் போலத் தெரியும்.

டிசம்பர் 1

கரண்ட் குடித்த குற்றவாளி கிடைத்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் மெல்லிய நீல ஒயரை ஸ்டீரியோவில் கொடுக்காமல், எப்போதும் சப்ளை இருக்கும் மஞ்சள் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். சாவியை எடுத்தாலும் ஆம்ப்ளிஃபயர் விழித்தே இருக்கும். டிக்கி கம்பளத்துக்கு அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு. தம்பி அதையும் கவனித்திருக்கிறார்: ஷெட்டே பனியில் சில்லிட்டுக் கிடக்க, அந்தப் பெட்டி மட்டும் இளஞ்சூடு. மீட்டர் இல்லாதவர்கள் இந்த வழியில் தேடலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் சூடாக இருக்கும் எதுவும் கரண்ட் குடிக்கிறது.

எலியைப் பற்றி நிறையக் கேள்வி. இங்கே எல்லோரும் நீலகிரித் தைலம்தான் சொல்வார்கள், பஞ்சில் நனைத்து இன்ஜின் மேல் வைப்பது. நானும் வைக்கிறேன். வாசனை இருக்கும் வரை வேலை செய்கிறது, காற்றோட்டமான ஷெட்டில் சில நாளில் பறந்துவிடும், மூன்று மாதம் பூட்டி வைக்கும் வண்டிக்கு அது போதாது. ஏர் ஃபில்டர் வாயில் கம்பி வலை கட்டியதுதான் எனக்கு நின்று பலன் தந்தது. ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்காமல் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கூடு கட்டியிருந்தால் பஞ்செல்லாம் உள்ளே போகும்.

கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) பற்றி: குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. மழையைவிட மூடுபனி மோசம், மூடிய ஷெட்டுக்குள்ளும் வரும், கப்ளருக்குள் நின்றுவிடும். டபிள்யூடி-40 அடித்தால் ஈரம் விலகும், ஆனால் பாதுகாப்பு நீடிக்காது. கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்டு, ரப்பர் விளிம்பில் சிலிகான் கிரீஸ் தடவி மூடுங்கள். பேட்டரிக் குமிழில் வெள்ளை பூத்திருந்தால் ஆப்ப சோடா கலந்த வெந்நீர் போதும். மூடிகளை இறுக்கிவிட்டு ஊற்றுங்கள், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும்.

டிசம்பர் 14

'ஊட்டிக் குளிர்தான் பேட்டரியைக் கொல்கிறது' என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. பாதி உண்மை. குளிரில் பேட்டரி தரும் வேகம் குறையும், எண்ணெயும் கெட்டியாகும், அதனால் காலையில் திணறும். ஆனால் சும்மா வைத்திருக்கும் பேட்டரி தானாக இறங்குவதும் தேய்வதும் குளிரில் மெதுவாகத்தான் நடக்கும். மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும் பேட்டரிதான் சீக்கிரம் சாகும். மலையில் கொல்வது, இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுவது. தகட்டில் சல்பேட் கெட்டியாகப் படிந்தால் பிறகு சார்ஜர் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

ஷெட்டில் கரண்ட் இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஓய்வில் 12.6 இருந்தால் நிறைவு. 12.4 ஆனதும் ஏற்றுங்கள். 12.2 என்றால் பாதிதான். கூரையில் சின்ன சோலார் தட்டு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: ஜூலை மாதம் உங்கள் ஊரில் வெயில் அடித்து நிழல் விழும் நாள் எத்தனை என்று பாருங்கள்.

ஜனவரி 5, 2025

தம்பியின் வண்டி ஓடுகிறதாம், குன்னூர் வரை வந்து போயிருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: ஓடும்போதே பேட்டரியில் 12.3 வோல்ட்தான் காட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றவா என்கிறார். சார்ஜ் விளக்கு சாவி போட்டால் எரிகிறதா என்று கேட்டேன். எரிகிறது, எல்லா டேஷ் பல்பையும் நீல எல்ஈடியாக மாற்றியிருப்பதால் அழகாக எரிகிறது என்று பதில்.

அந்த அழகுதான் பிரச்சினையாக இருக்கும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் சுழலும் காயிலுக்கு முதல் உயிர் கொடுக்கும். எல்ஈடி விடும் கரண்ட் அதற்குப் பத்தாது. சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால் மட்டும் சார்ஜ் பிடித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டரைக் கழற்றாதீர்கள் தம்பி. அந்த ஒரு இடத்தில் மட்டும் பழைய 12 வோல்ட் இழை பல்பைத் திரும்பப் போட்டு, முன்விளக்கை எரியவிட்டு, 2,000 ஆர்பிஎம்மில் பேட்டரிக் குமிழில் அளந்து எழுதுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் வரவேண்டும். வரவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் எர்த் கேபிளைப் பாருங்கள், பிறகு சுழலும் காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் அதன் கார்பன் பிரஷ்.